ஒரு நேரம் திறக்குது, ஒரு நேரம் திறக்க மாட்டேங்குது

இந்த மாசம் வந்த கடிதங்களைப் பிரிச்சுப் பார்த்தா பெரும்பாலும் ஒரே புலம்பல்தான், "சாஃப்ட்வேர் சில நேரம் திறக்குது, சில நேரம் திறக்கல". ஒரேயடியா திறக்காம போறதை விட இது கஷ்டம், ஏன்னா சர்வீஸ் பண்றவர் வந்து உட்கார்ற நேரத்துல ஒழுங்கா திறந்துடும். அதனால இந்தத் தடவை வேற கேள்வி எதுவும் எடுக்கல, முழுப் பகுதியும் இதுக்கே.

கேள்வி: வணக்கம் தம்பி. தென்காசி பக்கம் ஒரு ஊர்ல ஜெராக்ஸ் கடை வச்சிருக்கேன், டைப்பிங்கும் உண்டு. ரெண்டு கம்ப்யூட்டர், ரெண்டும் விண்டோஸ் 10. மனு, வாடகை ஒப்பந்தம், பயோடேட்டா எல்லாம் லிப்ரே ஆபிஸ்லதான் அடிக்கிறேன். நாலஞ்சு மாசமா உள்பக்கம் இருக்குற கம்ப்யூட்டர்ல மட்டும் அது சரியா திறக்க மாட்டேங்குது. காலைல முதல் தடவை நல்லா வருது. ஒரு வேலையை முடிச்சு மூடிட்டு அடுத்த ஆளுக்குத் திறந்தா ஒண்ணுமே வராது. சில நேரம் நாலு தடவை கிளிக் பண்ணிட்டு உட்கார்ந்திருந்தா ரெண்டு நிமிஷம் கழிச்சு நாலு விண்டோவும் சேர்ந்து வருது. ரீஸ்டார்ட் பண்ணா சரியாயிடுது. மூணு தடவை அன்இன்ஸ்டால் பண்ணி புதுசா போட்டாச்சு, மறுபடியும் அதே கதை. ஃபார்மட்தான் அடிக்கணும்னு சொல்றாங்க. வெளியில ஆளுங்க நிக்கிறப்போ கையும் ஓடல காலும் ஓடல. என்ன பண்ண?
– ஜெராக்ஸ் கடை அக்கா, தென்காசி மாவட்டம்

பதில்: அக்கா, ஃபார்மட் இப்போ வேண்டாம். நீங்க எழுதின கடிதத்துலயே பாதி பதில் இருக்கு. "முதல் தடவை வருது, மூடிட்டுத் திறந்தா வராது, ரீஸ்டார்ட் பண்ணா வருது"னு எப்போ வரலங்கிறதை எழுதியிருக்கீங்க பாருங்க, பத்துல எட்டு பேர் இதை எழுதுறதே இல்ல, "திறக்கல சார், என்ன பண்ண"னு ஒரே வரிதான் வரும். உங்க கம்ப்யூட்டர்ல லிப்ரே ஆபிஸ் திறக்க மறுக்கல, அது முழுசா மூட மாட்டேங்குது. பிரச்சனை அந்தப் பக்கம்தான்.

எப்படின்னா, லிப்ரே ஆபிஸ் ஒரு நேரத்துல ஒரே ஒரு தடவைதான் மெமரில ஓடும். நீங்க ரெண்டாவது தடவை கிளிக் பண்றப்போ புதுசா ஒண்ணு கிளம்பாது, ஏற்கனவே உள்ள ஓடிட்டு இருக்குறதைக் கூப்பிட்டு "இன்னொரு விண்டோ திற"னு சொல்லிட்டு விலகிடும். இப்போ நீங்க மூடின பழையது கண்ணுக்குத் தெரியாம உள்ளேயே மாட்டிக்கிட்டு கிடந்தா, புதுசா பண்ற கிளிக் எல்லாம் அதோட வாசல்ல போய் வரிசையில நிக்கும். அது எப்பவாவது முழிச்சா வரிசையில நின்ன நாலும் சேர்ந்து வரும். நீங்க பார்த்த நாலு விண்டோ அதுதான்.

இதை நீங்களே கண்ணால பார்க்கலாம். அடுத்த தடவை திறக்காதப்போ திரும்பத் திரும்ப கிளிக் பண்ணாம, கன்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் மூணையும் சேர்த்து அழுத்துங்க, டாஸ்க் மேனேஜர் வரும். அதுல டீடெயில்ஸ்னு ஒரு டேப், அதுக்குள்ள பேர் எல்லாம் ஆங்கில அகர வரிசைல இருக்கும், எஸ் எழுத்துக்குப் போனா எஸ்ஆபிஸ் டாட் எக்ஸி, எஸ்ஆபிஸ் டாட் பின்னு ரெண்டு பேர் இருக்கானு பாருங்க. திரைல ஒரு விண்டோவும் இல்லாதப்போ அந்த ரெண்டும் அங்க இருந்தா சந்தேகமே வேண்டாம். டாட் பின்னு இருக்குறதை கிளிக் பண்ணி எண்ட் டாஸ்க் கொடுங்க. ஆனா ஒண்ணு, சேவ் பண்ணாத ஃபைல் எதுவும் திறந்து இல்லைனு உறுதிப்படுத்திக்கிட்டு பண்ணுங்க, இது கரண்டைப் பிடுங்குற மாதிரி, கேள்வி கேட்காம போயிடும். அப்புறம் லிப்ரே ஆபிஸைத் திறங்க, உடனே வரணும். (குயிக்ஸ்டார்ட்டர்னு ஒரு வசதியை ஆன் பண்ணியிருந்தா அது வேணும்னே உள்ள உட்கார்ந்திருக்கும், டாஸ்க்பார் வலது ஓரத்துல ஐகான் தெரியும். இருந்தா முதல்ல அதை ஆஃப் பண்ணிட்டுப் பாருங்க.)

ஆளுங்க நிக்கிறப்போ ரீஸ்டார்ட்டுக்குப் பதிலா இது போதும், அரை நிமிஷ வேலை. ஆனா ஏன் மாட்டிக்குதுனு கண்டுபிடிச்சாத்தான் நிம்மதி.

மூணு தடவை புதுசா போட்டும் ஏன் போகலைனு கேட்டிருந்தீங்க. அன்இன்ஸ்டால் பண்றப்போ போறது புரோகிராம் மட்டும்தான். உங்க செட்டிங், நீங்க அகராதில சேர்த்த வார்த்தை, டெம்ப்ளேட், எக்ஸ்டென்ஷன் எல்லாம் யூசர் புரொஃபைல்னு வேற ஒரு ஃபோல்டர்ல இருக்கு, அது அப்படியே நிக்கும். புதுசா போட்ட புரோகிராம் வந்ததும் முதல் வேலையா அந்தப் பழைய ஃபோல்டரைத்தான் படிக்கும். அதுல ஏதாவது கெட்டுப்போயிருந்தா முப்பது தடவை போட்டாலும் அதேதான் வரும்.

அதனால அடுத்து பார்க்க வேண்டியது சேஃப் மோடு. மாட்டிக்கிட்டு இருக்குறதை முதல்ல எண்ட் டாஸ்க் பண்ணிடுங்க, இல்லேன்னா இதுவும் போய் அந்த வரிசைலதான் நிக்கும். அப்புறம் ஸ்டார்ட் மெனுல லிப்ரே ஆபிஸ் சேஃப் மோடுனு தனியா ஒண்ணு இருக்கும், அதைத் திறந்து, ஒரு சின்ன பெட்டி வரும், கண்டினியூ இன் சேஃப் மோடு கொடுங்க. அப்போ உங்க பழைய புரொஃபைலைத் தொடாம, அந்த நேரத்துக்கு மட்டும் ஒரு புது புரொஃபைலோட ஓடும். ஒரு நாள் முழுக்க அதுலயே வேலை பாருங்க, திறந்து மூடித் திறந்து மூடி. ஒரு தடவை கூட மாட்டலேன்னா குத்தம் புரொஃபைல்லதான்.

அப்படின்னா விண்டோஸ் கீயும் ஆர் எழுத்தும் சேர்த்து அழுத்தி, வர்ற ரன் பாக்ஸ்ல ஆப்டேட்டானு இங்கிலீஷ்ல, ரெண்டு பக்கமும் சதவீதக் குறி போட்டு அடிங்க. ரோமிங் ஃபோல்டர் திறக்கும். அதுக்குள்ள லிப்ரே ஆபிஸ், அதுக்குள்ள 4, அதுக்குள்ள யூசர். (என்ன வெர்ஷன் போட்டாலும் அந்த ஃபோல்டர் பேர் இன்னும் 4 தான், பழசுனு நினைச்சு குழம்ப வேண்டாம்.) லிப்ரே ஆபிஸை முழுசா மூடிட்டு அந்த யூசர் ஃபோல்டர் பேரை மட்டும் மாத்துங்க, பழைய யூசர்னு ஏதாவது வைங்க, டெலீட் பண்ண வேண்டாம். அடுத்த தடவை திறக்கிறப்போ அதுவே புதுசா ஒரு யூசர் ஃபோல்டரை உண்டாக்கிக்கும். ஒரு வாரம் நல்லா ஓடினா, பழைய ஃபோல்டர்ல இருக்குற டெம்ப்ளேட், வேர்ட்புக், ஆட்டோகர்ங்கிற மூணை மட்டும் எடுத்து புதுசுக்குள்ள போட்டுக்கலாம், உங்க வாடகை ஒப்பந்தம் மாதிரியெல்லாம் டெம்ப்ளேட்டா வச்சிருந்தா அதுலதான் இருக்கும்.

சேஃப் மோடுலயும் மாட்டுதுனா புரொஃபைல் மேல பழி இல்ல, வெளியில தேடணும். ரெண்டு இடம் எனக்குத் தோணுது. ஒண்ணு கிராஃபிக்ஸ். லிப்ரே ஆபிஸ் 2020-ல வந்த 7.0-ல இருந்து விண்டோஸ்ல ஸ்கியானு ஒண்ணை வச்சு திரைல வரையுது, பழைய கிராஃபிக்ஸ் டிரைவர் சிலதுக்கு அதோட ஒத்துப்போகாது. டூல்ஸ், ஆப்ஷன்ஸ், லிப்ரே ஆபிஸ், வியூனு போனா ஃபோர்ஸ் ஸ்கியா சாஃப்ட்வேர் ரெண்டரிங்னு ஒரு டிக் இருக்கு, அதைப் போட்டுப் பாருங்க.

இன்னொண்ணு உங்க தொழிலோட சம்பந்தப்பட்டது, ஃபான்ட். டைப்பிங் கடைல பாமினி, வானவில், அழைப்பிதழுக்குனு வாங்கின சிடில இருந்து கொட்டினதுனு ஆயிரம் ஃபான்ட் இருக்குறது சகஜம். எல்லா கம்ப்யூட்டர்லயும் ஒரே மாதிரி படிக்கிற யூனிகோடுங்கிற எழுத்து முறையை தமிழ்நாடு அரசு 2010-லயே ஏத்துக்கிட்டாலும் பழைய ஃபான்ட்ல ஃபைல் கொண்டு வர்ற ஆளுங்க இன்னும் இருக்காங்க, அதனால அழிக்க முடியாதுங்கிறது எனக்கும் தெரியும். ஆனா புரோகிராம் கிளம்புறப்போ மெஷின்ல இருக்குற மொத்த ஃபான்ட் பட்டியலையும் எடுக்குது, அதுல ஒரு ஃபைல் கெட்டிருந்தாலும் அங்கேயே தடுமாறலாம். தேவைப்படுற இருபது முப்பதை வச்சுக்கிட்டு மீதியை ஒரு பென்டிரைவ்ல காப்பி எடுத்து வச்சுட்டு மெஷின்ல இருந்து எடுத்துப் பாருங்க. வெளிப்பக்கம் இருக்குற கம்ப்யூட்டர்ல பிரச்சனை இல்லைனு எழுதியிருக்கீங்க, ரெண்டுலயும் ஃபான்ட் எண்ணிக்கையை ஒப்பிட்டுப் பாருங்களேன்.

இத்தனையும் பண்ணிட்டு டாஸ்க் மேனேஜர்ல பெர்ஃபார்மன்ஸ் பக்கத்துல டிஸ்க் எந்நேரமும் 100 சதவீதத்துல நிக்குதானும் பாருங்க. பழைய ஹார்ட் டிஸ்க்னா கிரிஸ்டல் டிஸ்க் இன்ஃபோனு ஒரு இலவச சாஃப்ட்வேர் இருக்கு, அது நீலத்துல குட்னு சொன்னா சரி. மஞ்சள்ல காஷன்னு காட்டினா மத்த எல்லாத்தையும் விட்டுட்டு அன்னிக்கே ஃபைலை எல்லாம் வேற டிஸ்க்குக்குக் காப்பி எடுங்க.

ஃபார்மட் பத்தி ஏன் இவ்வளவு பிடிவாதமா சொல்றேன்னா, ரொம்ப வருஷம் முன்னாடி காரணம் தெரியாம ஒரு வீட்டு கம்ப்யூட்டரை ஃபார்மட் பண்ணிக் கொடுத்தேன். டெஸ்க்டாப்ல இருந்ததை எல்லாம் எடுத்து வச்சேன். ரோமிங் ஃபோல்டருக்குள்ள அந்த வீட்டுப் பெரியவரோட மெயில் பத்து வருஷத்துது இருந்திருக்கு, அதை எடுக்கல. பையன் வெளிநாட்டுல இருந்து எழுதினது எல்லாம் அதுலதான். கேட்டுட்டு "பரவாயில்லப்பா"னு சொன்னார். அந்தப் பரவாயில்ல இன்னும் காதுல இருக்கு. அதுக்கப்புறம் காரணம் தெரியாம நான் எந்த மெஷினையும் ஃபார்மட் பண்றது இல்ல.

கேள்வி: அண்ணா, எங்க மளிகை மொத்தக் கடைல கணக்குக்கு ஒரு சாஃப்ட்வேர் ஓடுது, உள்ளூர்ல ஒருத்தர் எழுதிக் கொடுத்தது. ஆறு வருஷமா நல்லா ஓடிட்டு இருந்தது. புது லேப்டாப்புக்கு மாத்தினதுல இருந்து சில நாள் திறக்குறப்போ டேட்டா ஃபைலைத் திறக்க முடியலைனு சொல்லிட்டு மூடிடுது. கவனிச்சுப் பார்த்தா நெட் இல்லாத நாள்லதான் அப்படி ஆகுது. ஆனா அந்த சாஃப்ட்வேருக்கும் நெட்டுக்கும் சம்பந்தமே இல்லைனு எழுதினவர் சத்தியம் பண்றார்.
– கணக்கு பார்க்கும் தம்பி, விருதுநகர்

பதில்: தம்பி, அவர் சொல்றது உண்மை, நீங்க கவனிச்சதும் உண்மை. சாஃப்ட்வேருக்கு நெட் வேண்டாம், ஆனா அதோட டேட்டா ஃபைல் உங்க லேப்டாப்ல இல்லாம இருக்கலாம்.

புது லேப்டாப்பை முதல் நாள் செட் பண்றப்போ மைக்ரோசாப்ட் அக்கவுண்ட் போட்டிருப்பீங்க, அப்போ ஒன்டிரைவ்ங்கிற மைக்ரோசாப்டோட ஆன்லைன் சேமிப்புல பேக்கப் பண்ணவானு கேட்டு, நாம அடுத்து அடுத்துனு கொடுத்திருப்போம். டாக்குமென்ட்ஸ், டெஸ்க்டாப் ரெண்டும் ஒன்டிரைவுக்குள்ள போயிடும். பார்க்க அதே டாக்குமென்ட்ஸ் மாதிரிதான் இருக்கும். 2017-ல வந்த ஃபைல்ஸ் ஆன் டிமாண்ட்னு ஒரு வசதிப்படி, ரொம்ப நாள் தொடாத ஃபைலோட பேரை மட்டும் இங்க வச்சுட்டு உள்ளடக்கத்தை ஆன்லைன்ல மட்டும் வச்சிருக்கலாம், திறக்கிறப்போதான் இறங்கும். நெட் இருந்தா இறங்கிடும், நமக்குத் தெரியவே தெரியாது. நெட் இல்லேன்னா சாஃப்ட்வேர் பாவம், ஃபைல் இருக்குனு நம்பிக் கையை நீட்டும், ஒண்ணும் கிடைக்காது, மூடிடும்.

ஃபோல்டரைத் திறந்து ஸ்டேட்டஸ்ங்கிற பத்தியைப் பாருங்க. நீலக் கோட்டுல மேகப் படம் இருந்தா அது இங்க இல்ல. பச்சை டிக் இருந்தா இருக்கு. போன வருஷத்துக் கணக்கு, பழைய மாஸ்டர் ஃபைல் மாதிரி தினமும் தொடாததுலதான் மேகம் இருக்கும்னு நினைக்கிறேன். உடனடி வைத்தியம், அந்த ஃபோல்டரை ரைட் கிளிக் பண்ணி ஆல்வேஸ் கீப் ஆன் திஸ் டிவைஸ் கொடுங்க. ஆனா கணக்கு சாஃப்ட்வேரோட டேட்டாவை ஒன்டிரைவ்ல வைக்கிறதே எனக்குப் பிடிக்கல. சாஃப்ட்வேர் எழுதிட்டு இருக்குறப்போ அதே ஃபைலை ஒன்டிரைவும் பிடிச்சுக்கிட்டு மேல ஏத்தப் பார்க்கும், நல்லதுக்கு இல்ல. எழுதினவரைக் கூப்பிட்டு, டேட்டா ஃபோல்டரை சி டிரைவ்லயோ டி டிரைவ்லயோ தனியா வச்சு அந்தப் பாதையை சாஃப்ட்வேர்ல மாத்தித் தரச் சொல்லுங்க. பேக்கப்பை கடை மூடுறப்போ தினமும் தனியா எடுங்க, பென்டிரைவ்ல ஒண்ணு, வீட்டுல ஒண்ணு.

கேள்வி: சார், ஆபிஸ்ல வேர்டு திறக்க சில நாள் ரெண்டு நிமிஷம் ஆகுது, சில நாள் டக்குனு வருது. வைரஸா?
– சேலம் வாசகி

பதில்: வைரஸ் ஸ்கேன் பண்றதுல தப்பில்லம்மா, ஆனா அதுக்கு முன்னாடி உங்க ஆபிஸ் பிரிண்டர் ஆன்ல இருக்கானு பாருங்க.

சம்பந்தமே இல்லாத மாதிரி இருக்கும். மதுரைல கோர்ட் பக்கம் ஒரு டைப்பிங் ஆபிஸ்ல இதே தான். அந்தப் பொண்ணு காலைல ஒன்பதரைக்கு வந்து வேர்டைக் கிளிக் பண்ணிட்டு, பிளாஸ்க்ல இருந்து டீயை ஊத்திக் குடிச்சு முடிச்சுட்டு திரும்பிப் பார்ப்பாங்க, அப்போதான் விண்டோ வந்திருக்கும். பதினொரு மணிக்கு மேல அதே வேர்டு அழுத்தின உடனே. நான் ஒரு நாள் காலைல இருந்து அங்கேயே உட்கார்ந்து பார்த்தேன். பதினொரு மணிக்கு என்ன மாறுதுனு பார்த்தா, பெரிய வக்கீல் சாவியோட வந்து உள் ரூமைத் திறக்கிறார், ரூமோட மெயின் சுவிட்சைப் போடுறார், அங்க இருக்குற நெட்வொர்க் பிரிண்டர் கர்ருனு ஒரு சத்தத்தோட ஆன் ஆகுது. அந்தப் பொண்ணோட மெஷின்ல அதுதான் டீஃபால்ட் பிரிண்டர், அதாவது வேற எதையும் தேர்ந்தெடுக்கலேன்னா தானா போற பிரிண்டர்.

வேர்டு பக்கத்தை அமைக்கிறப்போ டீஃபால்ட் பிரிண்டர் என்ன பேப்பர், எவ்வளவு மார்ஜின்னு விசாரிக்கும். பிரிண்டர் ஆஃப்ல இருந்தா பதில் வராது, வர்ற வரைக்கும் காத்துட்டு இருக்கும். எக்ஸலும் அப்படித்தான்.

செட்டிங்ஸ்ல பிரிண்டர்ஸ் பக்கத்துக்குப் போய், லெட் விண்டோஸ் மேனேஜ் மை டீஃபால்ட் பிரிண்டர்ங்கிறதை ஆஃப் பண்ணுங்க, அப்புறம் மைக்ரோசாப்ட் பிரிண்ட் டு பிடிஎஃபை டீஃபால்ட்டா வைங்க. ரெண்டு நாள் பாருங்க. வேகமா திறந்தா காரணம் பிரிண்டர்தான், அப்படியே விட்டுடலாம், பிரிண்ட் எடுக்கிறப்போ மட்டும் பட்டியல்ல நிஜப் பிரிண்டரைத் தேர்ந்தெடுத்தா போதும். அப்படியும் மாறலேன்னா வேர்டு ஐகானைக் கிளிக் பண்றப்போ கன்ட்ரோல் கீயைப் பிடிச்சுக்கோங்க, சேஃப் மோடுல திறக்கவானு கேட்கும், சரினு சொல்லுங்க. அதுல வேகமா வந்தா வேர்டோட ஒட்டி ஓடுற ஆட் இன்ங்கிற துணை புரோகிராம் ஏதோ ஒண்ணு தொல்லை பண்ணுது, ஒவ்வொண்ணா ஆஃப் பண்ணிப் பாருங்க.

கேள்வி: ஐயா, நான் ஓய்வு பெற்ற தமிழாசிரியர். பேரன் வந்திருந்தபோது என் மடிக்கணினியோடு ஒரு பெரிய திரையை இணைத்துக் கொடுத்தான். ஊருக்குப் போகும்போது திரையை எடுத்துப் போய்விட்டான். அதிலிருந்து நான் தட்டச்சு செய்யும் மென்பொருள் திறந்ததுபோல் கீழே குறி தெரிகிறது, ஆனால் முகம் காட்ட மறுக்கிறது. மற்றவை எல்லாம் நன்றாகத் திறக்கின்றன.
– கும்பகோணம் வாசகர்

பதில்: ஐயா, வணக்கம். உங்க மென்பொருள் நல்லாவே திறந்திருக்கு. பேரன் எடுத்துட்டுப் போன அந்தப் பெரிய திரை இருந்த இடத்துலயே திறந்திருக்கு, அவ்வளவுதான். சில புரோகிராம் கடைசியா எந்த இடத்துல மூடினோமோ அந்த இடத்தை ஞாபகம் வச்சுக்கும், அந்தத் திரை இப்போ இல்லங்கிறது அதுக்குத் தெரியல.

கீழே இருக்குற அந்தக் குறியை ஒரு தடவை கிளிக் பண்ணுங்க. அப்புறம் விண்டோஸ் கீ, ஷிஃப்ட் ரெண்டையும் பிடிச்சுக்கிட்டு இடது அம்புக்குறியை ஒரு தட்டு தட்டுங்க, வரலேன்னா வலது அம்புக்குறி. அதுக்கும் வரலேன்னா ஆல்ட் கீயைப் பிடிச்சு ஸ்பேஸ் பார், ரெண்டையும் விட்டுட்டு எம் எழுத்து, அப்புறம் ஏதாவது ஒரு அம்புக்குறியை ஒரு தடவை தட்டிட்டு மவுஸை மெதுவா நகர்த்துங்க, விண்டோ மவுஸோட ஒட்டிக்கிட்டே வந்துடும். வந்ததும் ஒரு கிளிக் பண்ணி விட்டுட்டு, நடுத்திரைல வச்சு மூடித் திறங்க, புது இடம் பதிஞ்சிடும். விண்டோஸ் கீயோட பி எழுத்தை அழுத்தி பிசி ஸ்கிரீன் ஒன்லினு இருக்கானும் ஒரு தடவை பார்த்துக்கோங்க ஐயா.

கேள்வி: விண்டோஸ் 10-க்கு சப்போர்ட் முடிஞ்சதாலதான் சாஃப்ட்வேர் எல்லாம் திறக்கலைனு சொல்றாங்களே, உண்மையா?
– ஓசூர் வாசகர்

பதில்: சப்போர்ட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது உண்மை. ஆனா அதனால அடுத்த நாளே நேத்து திறந்தது திறக்காம போகாது. பாதுகாப்பு அப்டேட் நின்னு போறதுதான் கவலை, அதுக்கு வழி பாருங்க. திறக்காம போறது எப்போன்னா, சாஃப்ட்வேர் பண்றவங்க புது வெர்ஷன்ல பழைய விண்டோஸைக் கைவிடுறப்போ. விண்டோஸ் 7, 8.1-க்கு குரோம் 109-தான் கடைசி, லிப்ரே ஆபிஸ் 25.8-ல இருந்து விண்டோஸ் 7, 8-க்கு இல்ல. அந்த மாதிரி ஆனா புது வெர்ஷன் ஒரு நாளும் திறக்காது. ஒரு நாள் திறந்து ஒரு நாள் திறக்கலேன்னா காரணம் வேற.

கேள்வி: அண்ணா, காலேஜ் புராஜெக்ட்டுக்கு ஒரு சாஃப்ட்வேர் போட்டேன். டிஎல்எல் ஃபைல் மிஸ்ஸிங்னு வருது. நெட்ல அந்த டிஎல்எல்லை மட்டும் தனியா டவுன்லோடு பண்ற சைட் நிறைய இருக்கு, எடுத்துப் போடலாமா?
– திருச்சி மாணவி

பதில்: வேண்டவே வேண்டாம்மா. டிஎல்எல்ங்கிறது சாஃப்ட்வேர் ஓடத் தேவையான துணை ஃபைல். யார் எங்க இருந்து எடுத்துப் போட்டதுனு தெரியாத ஃபைலை விண்டோஸ் ஃபோல்டருக்குள்ள போடுறது, தெருவுல கிடந்த சாவியை வாங்கி வீட்டுப் பூட்டுல மாட்டுற மாதிரி.

அந்த டிஎல்எல் பேர்ல விசிரன்டைம், எம்எஸ்விசிபினு வந்தா, மைக்ரோசாப்ட் தளத்துலயே விஷுவல் சி பிளஸ் பிளஸ் ரீடிஸ்ட்ரிபியூட்டபிள்னு இருக்குறதை இறக்கிப் போடுங்க. உங்க விண்டோஸ் 64 பிட்டா இருந்தாலும் 32 பிட்டுக்கானதையும் சேர்த்துப் போடணும், சாஃப்ட்வேர் 32 பிட்டா இருக்கலாம், பல பேர் இதுலதான் கோட்டை விடுறாங்க. பிழை எண்ணோட கடைசில ஏழும் பி எழுத்தும் வந்தா பெரும்பாலும் இந்த 32, 64 கலப்புதான், அதுக்கும் இதே வைத்தியம்.

உங்க சாஃப்ட்வேர் சில நேரம் திறந்து உடனே மூடிக்குதுனும் கடைசில ஒரு வரி எழுதியிருந்தீங்க. ஸ்டார்ட் மெனுல ரிலையபிலிட்டினு இங்கிலீஷ்ல டைப் பண்ணா வியூ ரிலையபிலிட்டி ஹிஸ்டரினு வரும். நாள் வாரியா ஒரு வரைபடம், 1-ல இருந்து 10 வரை மார்க், எந்த நாள் எது செத்துப்போச்சோ அங்க சிவப்பு வட்டத்துல பெருக்கல் குறி. அதைக் கிளிக் பண்ணி டெக்னிக்கல் டீடெயில்ஸ் பாருங்க, ஃபால்ட் மாட்யூல் நேம்னு ஒரு பேர் இருக்கும். அதுல உங்க சாஃப்ட்வேர் பேர் இல்லாம வேற பேர் இருந்தா, கிராஃபிக்ஸ் டிரைவரோ ஆன்டிவைரஸோ தமிழ் டைப்பிங் கருவியோ எதுவா இருந்தாலும், அதுல இருந்து தேட ஆரம்பிங்க. முதல் சிவப்புக் குறி விழுந்த நாளுக்கு முந்தின நாள் என்ன இன்ஸ்டால் ஆச்சுங்கிறதும் அதே வரைபடத்துலயே இருக்கும். விண்டோஸ் விஸ்டா காலத்துல இருந்து எல்லார் கம்ப்யூட்டர்லயும் இருக்குற வசதி இது, திறந்து பார்க்கிறவங்கதான் ரொம்பக் குறைவு.

கேள்வி: வணக்கம் அண்ணை. யாழ்ப்பாணத்திலை இருந்து எழுதுறன். கரண்ட் நிண்டு வந்த பிறகு ஃபயர்பாக்ஸைத் திறந்தால் ஏற்கனவே ஓடிக்கொண்டிருக்கு எண்டு சொல்லுது, ஆனால் ஒண்டும் ஓடேல்லை. சில நாள் தானாச் சரிவருது. புக்மார்க் எல்லாம் போயிடுமோ எண்டு பயமாக் கிடக்கு.

பதில்: தம்பி, புக்மார்க் போகாது, பயப்பட வேண்டாம். ஃபயர்பாக்ஸும் ஒரு புரொஃபைலை ஒரு நேரத்துல ஒருத்தர்தான் தொடணும்னு ஒரு பூட்டுப் போட்டு வச்சுக்கும். முதல்ல டாஸ்க் மேனேஜர்ல ஃபயர்பாக்ஸ் பேர்ல ஏதாவது மிச்சம் இருக்கானு பாருங்க, இருந்தா எண்ட் டாஸ்க். இல்லேன்னா முதல் கேள்வில சொன்ன மாதிரி ரன் பாக்ஸ் வழியா ரோமிங் ஃபோல்டரைத் திறந்து, மொஸில்லா, ஃபயர்பாக்ஸ், புரொஃபைல்ஸ்னு போங்க, உங்க புரொஃபைல் ஃபோல்டர்ல பேரன்ட் டாட் லாக்னு ஒரு ஃபைல் இருக்கும், அதை மட்டும் டெலீட் பண்ணுங்க, அடுத்த தடவை அதுவே புதுசா உண்டாக்கிக்கும். பக்கத்துல பிளேசஸ்னு தொடங்குற ஃபைல் இருக்கும், அதைத் தொட்டுடாதீங்க, உங்க புக்மார்க்கும் ஹிஸ்டரியும் அதுக்குள்ளதான் இருக்கு.

கரண்ட் வந்த உடனே கம்ப்யூட்டரைப் போட்டதும் ஃபயர்பாக்ஸை அழுத்தாம ஒரு மூணு நிமிஷம் விட்டுப் பாருங்க. திடீர்னு நின்ன மெஷின் எழும்பின உடனே பின்னாடி பல வேலை ஓடிட்டு இருக்கும், "சில நாள் தானாச் சரிவருது"னு நீங்க எழுதினது அதனாலயும் இருக்கலாம். எந்த நாள் வந்துச்சு, எந்த நாள் வரல, கரண்ட் வந்து எத்தனை நிமிஷத்துல அழுத்தினீங்கனு ஒரு வாரம் ஒரு தாள்ல குறிச்சு அனுப்புங்க, அடுத்த மாசம் அதை வச்சு எழுதுறேன்.